செவிலியர் மாணவர்களுக்கு வழிகாட்டல்: நேரிலா, இணையவழியிலா?

கேள்வி

செவிலியர் பட்டப்படிப்பின் முதலாமாண்டு மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் பணியிலுள்ள செவிலியர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்தும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டுள்ளது. வழிகாட்டிகள் பலர் இரவுப்பணியும் பார்ப்பவர்கள் என்பதால், சந்திப்புகள் அனைத்தையும் காணொளி அழைப்புக்கு மாற்றிவிடலாம் என்று சக ஆசிரியர்கள் கூறுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை, ஆனால் மறுக்கத் தெளிவான காரணமும் கிடைக்கவில்லை.

பதில் 1

ஊசி போடும்போது மாணவியின் கை நடுங்குவதையும், அந்தப் பதற்றத்தில் நோயாளியின் முகச்சுளிப்பை அவர் காணத் தவறுவதையும் அருகில் நிற்பவரால்தான் கவனிக்க முடியும். அமெரிக்கச் செவிலியர் கல்வியாளர் பாட்ரிசியா பென்னர் 1984இல் செவிலியரின் திறன் வளர்ச்சியைப் புதியவர் முதல் வல்லுநர் வரை ஐந்து நிலைகளாக விளக்கினார். புதியவர் விதிகளைப் பற்றிக்கொண்டு செயல்படுகிறார் என்பதும், சூழலை ஒட்டுமொத்தமாக உணரும் பார்வை அனுபவத்தால் வருகிறது என்பதும் அதன் சாரம். ஆகவே முதல் சில மாதங்களையாவது வார்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2

செய்முறைக்கு அது பொருந்தும். ஆனால் மாணவப் பருவத்தில் ஒருமுறை மருந்தளவைத் தவறாகக் கணக்கிட்டு, கொடுப்பதற்குச் சற்று முன் கண்டுகொண்டேன். உடனே பொறுப்புச் செவிலியரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் அதன்பின் பல நாள் தூக்கம் வராததை, நால்வர் அமர்ந்திருக்கும் பணியறையில் என் வழிகாட்டியிடம் பேச நா எழவில்லை. இரவில் செய்தியாக எழுதியபோதுதான் சொல்ல முடிந்தது, அவரும் நிதானமாக யோசித்து மறுநாள் பதில் எழுதினார். இத்தகைய பேச்சுக்கு இணையவழியே ஏற்றது. ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: நோயாளியின் பெயர், படுக்கை எண், படம் எதுவும் செய்திகளில் இடம்பெறக் கூடாது.

பதில் 3

நேரிலா இணையத்திலா என்பதைவிட, வழிகாட்டியே மதிப்பெண் இடுகிறாரா என்பதை முதலில் பாருங்கள். மதிப்பிடுபவரிடம் எந்த மாணவரும் தம் அச்சத்தை மனம்விட்டுச் சொல்லமாட்டார். ஐக்கிய இராச்சியத்தின் செவிலியர், மகப்பேறு உதவியாளர் மன்றம் 2018இல் வெளியிட்ட தரநிலைகளில், கற்பித்தலையும் மதிப்பீட்டையும் ஒருவரே சுமந்த பழைய ‘மென்டர்’ பொறுப்பை நீக்கி, மேற்பார்வையாளர், மதிப்பீட்டாளர் எனத் தனித்தனிப் பொறுப்புகளாகப் பிரித்தது.

கேட்டவர்

மிக்க நன்றி. மதிப்பீட்டைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. முதல் பருவத்தில் வார்டுச் சந்திப்புகளைக் கட்டாயமாக்கி, இடைப்பட்ட உரையாடலை இணையத்துக்கு விடலாம் என நினைக்கிறேன். அந்தச் சந்திப்பு நேரத்தை வழிகாட்டிகளின் பணிநேரத்தில் சேர்க்குமாறு கேட்கவிருக்கிறேன். இரவுப்பணி முடித்தவரை வீட்டுக்குப் போகவிடாமல் நிறுத்திவைக்க எனக்கு மனமில்லை.