குழியில் தண்ணீர் வடியவில்லை, கன்று நடலாமா?

வணக்கம். எங்கள் நிலத்தில் இந்த இலையுதிர் காலத்திலேயே ஆறு ஆப்பிள் ஒட்டுக்கன்றுகளை நட்டுவிட ஆசை. மண்ணில் இன்னும் சூடு இருக்கிறது, குளிருக்கு முன் வேர் பிடித்துவிடும் என்று ஒரு கணக்கு. ஆனால் களிமண். இரண்டடிக் குழி வெட்டி ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் காலையிலும் பாதி அப்படியே நிற்கிறது, மேலே இரண்டு பழுத்த இலைகள் மிதக்கின்றன! மணல் கலந்தால் களிமண் இன்னும் இறுகிவிடும் என்பதால் அந்த யோசனையை விட்டுவிட்டேன். மேடு கட்டி அதன் மேல் நட்டால் போதுமா? எவ்வளவு உயரம் வேண்டும்?

அப்புறம், தொட்டிக்குள் வேர் வட்டமாகச் சுற்றிக் கிடக்கிறது. விரலால் பிரித்துவிட்டால் போதுமா, கத்தியால் கீறிவிட வேண்டுமா? கன்றுகள் வாங்கியாகிவிட்டது, அடுத்த வாரம் நட்டே ஆக வேண்டும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.