பிளட் கல்ச்சரில் ஒரே பாட்டில் பாசிட்டிவ்: வான்கோமைசினை நிறுத்தலாமா?

வார்டு டியூட்டி:
காய்ச்சல் நோயாளி. ஒரு கையில் மட்டும் எடுத்த ரத்தம், ஒரே ஏரோபிக் (ஆக்சிஜனில் வளரும் கிருமிகளுக்கான) கல்ச்சர் பாட்டில், அதுவும் 4 மிலிதான். 30 மணி நேரத்தில் பாசிட்டிவ், அதாவது கிருமி வளர்ந்துவிட்டது. கிராம் ஸ்டெயினில் கொத்துக்கொத்தாக கிராம் பாசிட்டிவ் கோக்கை (உருண்டை வடிவ பாக்டீரியா). கோகுலேஸ் நெகட்டிவ் (பெரும்பாலும் தோலில் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் வகை) என்கிறது லேப். சென்ட்ரல் லைன் (பெரிய ரத்த நாளத்தில் போடும் குழாய்), செயற்கை இதய வால்வு எதுவும் இல்லை. பிபி சீராக இருக்கிறது. வான்கோமைசின் (ஆன்டிபயாடிக்) ஓடுகிறது. நிறுத்தலாமா?

மைக்ரோ லேப்:
ரத்தம் எடுக்கும்போது தோலிலிருந்து கலந்த கிருமியாகத்தான் இருக்கும். ஆனால் ஒற்றைப் பாட்டிலை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. வெவ்வேறு இடங்களில் குத்தி இரண்டு செட் எடுத்து ஒன்றில் மட்டும் வளர்ந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. 24 மணி நேரம் தாண்டி வளர்ந்தது கலப்பின் பக்கம் சாய்கிறது, அவ்வளவே. அடுத்த டோஸுக்குச் சற்று முன் இரு கைகளிலும் தனித்தனியே எடுங்கள். எடுத்த பின், நிலை இப்படியே இருந்தால் நிறுத்தலாம். கோகுலேஸ் நெகட்டிவ் வகையிலேயே லக்டுனென்சிஸ் என்ற இனம் வந்தால் கதை வேறு. அது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் மாதிரியே இதய வால்வைத் தாக்கும். ஆரியஸ், ஈ. கோலை, கேண்டிடா (பூஞ்சை) போன்றவை ஒரே பாட்டிலில் வந்தாலும் கலப்பு என்று ஒதுக்கக் கூடாது.

ஐசியூ சிஸ்டர்:
டாக்டர், பெரியவர்களுக்குப் பாட்டிலுக்கு 8 முதல் 10 மிலி வேண்டும். ரத்தத்தில் கிருமி மிகக் குறைவாகவே இருக்கும். அளவு குறைந்தால் தப்பிவிடும். 70% ஆல்கஹாலில் கலந்த 2% குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினியால் தோலை 30 வினாடி தேய்த்து, தானாகக் காயவிட வேண்டும். ஈரத்தோடு குத்துவதும், துடைத்த இடத்தை மறுபடி விரலால் தடவி ரத்த நாளம் தேடுவதும் கலப்புக்குக் காரணமாகும். பாட்டிலின் ரப்பர் மூடியையும் ஆல்கஹாலால் துடைக்கணும். பட்டர்ஃபிளை ஊசி (குழாய் இணைந்த சிறு ஊசி) என்றால் ஏரோபிக் பாட்டில் முதலில், குழாயில் உள்ள காற்று அதில் போகட்டும். பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது.

தொற்றுநோய்ப் பிரிவு:
ஒருவேளை ஆரியஸ் வந்து, மெத்திசிலின் சென்சிடிவ் (அந்த வகை ஆன்டிபயாடிக்குக் கட்டுப்படும்) என்றால் வான்கோமைசினிலேயே தங்கிவிடாதீர்கள். செஃபாசோலினோ குளோக்சசிலினோதான் வலுவானது. கல்ச்சர் நெகட்டிவ் ஆகும்வரை திரும்ப எடுக்கணும், எக்கோவும் (இதய ஸ்கேன்) பார்க்கணும். 14 நாள் சிகிச்சைக் கணக்கு முதல் நெகட்டிவ் கல்ச்சரிலிருந்து தொடங்கும், சிக்கல் இருந்தால் இன்னும் நீளும்.

ரிப்போர்ட்டில் எம்ஐசி (கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்தளவு) எண் சிறியதாக இருக்கும் மருந்தைத் தேர்வது பலர் செய்யும் தவறு. ஒவ்வொரு மருந்துக்கும் வரம்பு வேறு, 0.5-ஐயும் 2-ஐயும் ஒப்பிட முடியாது. நைட்ரோஃபுரான்டாயினுக்கு சென்சிடிவ் என்று போட்டிருந்தாலும் அது சிறுநீர்ப்பைக்கு மட்டும். ரத்தத்தில் போதிய அளவு நிற்காது.