ஃபெரட் கவச வண்டி: சூடானதும் இன்ஜின் அணைகிறது, யோசனை சொல்லுங்கள்

ஃபெரட் மார்க் 1, ரோல்ஸ்-ராய்ஸ் பி60 இன்ஜின், ஆறு சிலிண்டர், 24 வோல்ட். ஆறிய நிலையில் தொட்டதும் ஸ்டார்ட் ஆகிறது. இருபது நிமிடம் ஓடினால் திக்கித் திணறி அணைகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும்.

பெட்ரோல் கோளாறு இல்லை. அணைந்த கையோடு பார்த்தால் கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்திருக்கிறது. டேங்க் மூடியைத் திறந்துவைத்தும் அதே கதைதான். ஆனால் ஸ்பார்க் நீலமாக வராமல் மெலிந்த மஞ்சளாக வருகிறது. பாயின்ட்டில் (ஸ்பார்க்குக்காக மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் தொடுமுனை) ஒரு முகத்தில் சிறு மேடு, எதிர்முகத்தில் குழி. பாயின்ட் தீப்பொறியில் கருகாமல் காக்கும் கண்டென்சர் (கெப்பாசிட்டர்) மேல்தான் முதல் சந்தேகம். ஸ்பார்க்குக்கு வோல்டேஜ் ஏற்றும் காயில், கண்டென்சர், பாயின்ட் மூன்றும் தண்ணீர் புகாத ஒரே கூட்டுக்குள் இருப்பதால் சூடு வெளியேற வழியில்லை.

பழைய ராணுவ இருப்பில் பெட்டி பிரிக்காத கண்டென்சர் கிடைக்கும், ஆனால் உள்ளே மின்காப்புக்குக் காகிதம். அலமாரியில் கிடந்தே ஈரம் இழுத்திருக்கும். அதற்குக் காசு கொடுக்க மனமில்லை.

0.22 மைக்ரோஃபாரட், 630 வோல்ட், 105 டிகிரி தாங்கும் பாலிப்ரொப்பிலீன் கெப்பாசிட்டரை யாராவது அந்தக் கூட்டுக்குள் பொருத்தி ஓட்டியிருக்கிறீர்களா? அதிர்வில் கால் கம்பி முறியாமல் எப்படிப் பிடித்தீர்கள்? காயிலின் பிரைமரி, செகண்டரி சுற்றுகளின் ஓம் அளவு, ஆறியபோதும் சூட்டிலும் உங்கள் வண்டியில் எவ்வளவு?