புட்வல் ஊரில் கம்பெனிக்கு என்ன பாத்தியதை?

ஊர்சுற்றி:
போன மாதம் கோரக்பூரில் ரயிலை விட்டு இறங்கி, சுனௌலி எல்லையைத் தாண்டி லும்பினி பார்த்துவிட்டு, அப்படியே பஸ் பிடித்து புட்வல் வரை போனோம். சமவெளி முடிந்து சட்டென்று மலை எழும்புகிற இடத்தில் இருக்கிற ஊர். அங்கே ஜீத்கடி என்று ஒரு பழைய கோட்டை இருக்கிறது. 1815 ஜனவரியில் உஜீர் சிங் தாபா என்ற தளபதி கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை இங்கிருந்துதான் திருப்பி அனுப்பினாராம். டீக்கடையில் ஒரு பெரியவர் இந்த ஊருக்காகத்தான் வெள்ளைக்காரன் சண்டைக்கே வந்தான் என்றார். நேபாள அரசர் இருந்தது காத்மாண்டுவில், கம்பெனி இருந்தது கல்கத்தாவில், இந்த அடிவாரத்து ஊரில் இரண்டு பேருக்கும் அப்படி என்ன பாத்தியதை? எங்கே தேடினாலும் "எல்லைத் தகராறு" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். நியாயம் யார் பக்கம்?

பட்டாமணியம்:
பாத்தியதை என்று சரியான சொல்லைத்தான் பிடித்திருக்கிறீர்கள். அது முதலில் எல்லைச் சண்டையே இல்லை, வாரிசுச் சண்டை.

புட்வல், பால்பா என்ற மலை ராஜ்யத்து அரசர்களுடையது. சென் வம்சம். மலைமேல் அவர்கள் யாருக்கும் கட்டுப்படாத ராஜா, ஆனால் கீழே சமவெளியில் இருந்த நிலத்துக்கு அவத் நவாபுக்கு வரி கட்டிய ஜமீன்தார். ஒரே ஆளுக்கு மேலே கிரீடம், கீழே கிஸ்தி. இதில் யாருக்கும் சங்கடம் இருந்ததாகத் தெரியவில்லை, கம்பெனி வரும்வரை. 1801 நவம்பரில் தன்மேல் சுமத்தப்பட்ட படைச்செலவுக்கு ஈடாக நவாப் கோரக்பூர் உட்படப் பாதி ராஜ்யத்தை கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தார். அத்தோடு பால்பாவின் கிஸ்தியும் கைமாறியது. இன்னொரு பக்கம் பால்பாவின் கடைசி ராஜா பிருத்விபால் சென் என்பவரை காத்மாண்டுவில் சிறைவைத்து 1806-ல் கொன்றுவிட்டு, பால்பாவை நேபாளம் சேர்த்துக்கொண்டது.

இப்போது கணக்கைப் பாருங்கள். பால்பா எங்களுடையது என்றால் பால்பாவுக்குச் சொந்தமான புட்வலும் எங்களுடையது, இது நேபாளம். மலையை நீ ஜெயித்திருக்கலாம், சமவெளி ஜமீனுக்கு மேல்வாரக்காரன் (வரி வாங்கும் பாத்தியதை உள்ளவன்) நான், என்னைக் கேட்காமல் அது உனக்கு எப்படிப் போகும், இது கம்பெனி. என்னைக் கேட்டால் சட்டப்படி கம்பெனி சொன்னதில் வலு அதிகம். பக்கத்திலேயே ஷிவராஜ் என்ற பகுதியை நேபாளம் 1801-க்கு முன்பே பிடித்திருந்ததால், அதை விட்டுக்கொடுக்கிறேன், புட்வலை நீ விடு என்று கவர்னர் ஜெனரல் ஜார்ஜ் பார்லோ காலத்திலேயே கம்பெனி பேசிப் பார்த்தது. நேபாளம் புட்வலை விடவில்லை, வேண்டுமானால் உங்களுக்கு வரி கட்டிக்கொண்டு நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்றது.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. ஆற்காட்டு நவாபின் பெயரைச் சொல்லித்தானே பாளையக்காரர்களிடம் கிஸ்தி கேட்டு வந்தார்கள்? அதே 1801-ல்தான் கர்நாடகம் என்று சொல்லப்பட்ட ஆற்காட்டு ராஜ்யமும் மொத்தமாகக் கைமாறியது.

தராய்வாசகன்:
பட்டாமணியம் சார், நவாபைக் கழுத்தில் கை வைத்து எழுதி வாங்கியதற்குப் பிறகு "சட்டப்படி வலு" என்று பேசுவது கொஞ்சம் அதிகம் இல்லையா. அதுவும் நேபாளம் வரி கட்டுகிறேன் என்று இறங்கி வந்ததை நீங்களே சொல்கிறீர்கள். பழைய முறைப்படி பார்த்தால் அது முழுக்க நியாயமான ஏற்பாடு, பால்பா ராஜா அப்படித்தானே இருந்தார். கம்பெனிக்குத்தான் இன்னொரு ராஜாவை ஜமீன்தாராக வைத்துக்கொள்ள மனசில்லை, அவர்களுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ என்று ஒரு கோடு வேண்டும்.

அப்புறம், தராய் என்கிற அடிவாரச் சமவெளி இல்லாமல் மலை ராஜ்யம் பிழைக்காது. சிப்பாயிலிருந்து பாரதார் என்ற பெரிய மனிதர்கள் வரை அவர்களுக்குச் சம்பளம் காசாக இல்லை, ஜாகிர், பிர்தா என்று நிலமாகத்தான். ஒரு தாலுகா போனால் பத்துக் குடும்பத்துக்குச் சோறு போகும். அப்போது நேபாளத்தின் முக்தியாராக (முதன்மை மந்திரியாக) இருந்த பீம்சென் தாபாவின் அப்பா அமர் சிங் தாபாவே பால்பாவை நிர்வகித்தவர் (மேற்கே போரிட்ட அமர் சிங் தாபா வேறு ஆள், குழப்பிக்கொள்ள வேண்டாம்). அந்த வீட்டுக்கு புட்வலை விட எப்படி மனசு வரும்?

1814-ல் கவர்னர் ஜெனரல் மொய்ரா பிரபு, புட்வலை விட்டு வெளியேற நேபாளத்துக்கு 25 நாள் கெடு வைத்தார். ஏப்ரலில் படை புகுந்து புட்வலைப் பிடித்தது, மழைக்காலத்தில் தராய்க் காய்ச்சல் கொல்லும் என்று போலீஸ் தாணாக்களை மட்டும் வைத்துவிட்டுத் திரும்பியது. மே 29 அன்று நேபாளிகள் அந்தத் தாணாக்களைத் தாக்கியதில் 18 போலீஸ்காரர்கள் செத்தார்கள். நவம்பர் 1 போர்ப் பிரகடனம்.

ஊர்சுற்றி:
சரி, போரில் நேபாளம் தோற்றதுதானே? அப்படியென்றால் நான் போனபோது புட்வல் எப்படி நேபாளத்தில் இருந்தது? விசாவும் இல்லாமல் நடந்தே போனேன்!

பட்டாமணியம்:
அதுதான் வேடிக்கை. 1815 டிசம்பர் 2-ல் கையெழுத்தாகி 1816 மார்ச்சில் உறுதியான சுகௌலி உடன்படிக்கையை எடுத்துப் படியுங்கள். ராப்தி ஆற்றுக்கும் கண்டகி ஆற்றுக்கும் நடுவில் உள்ள தாழ்நிலம் முழுவதும் கம்பெனிக்கு, புட்வல் ஊர் மட்டும் நீங்கலாக. எந்த ஊரால் சண்டை வந்ததோ அது நேபாளத்திடமே நின்றுவிட்டது!

தராய்வாசகன் சொன்ன சோற்றுப் பிரச்சினை கம்பெனிக்கும் தெரியும். நிலம் இழந்த பாரதார்களுக்கு வருஷம் 2 லட்சம் ரூபாய் ஓய்வூதியம் தருவதாக அதே உடன்படிக்கையில் ஒரு ஷரத்து. ஆனால் 1816 டிசம்பரிலேயே அந்தப் பணத்துக்குப் பதிலாக, ராப்தியிலிருந்து கோசி ஆறு வரை தராயின் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். லும்பினி பக்கமெல்லாம் அப்படித் திரும்பி வந்ததுதான்.

ராப்திக்கு மேற்கே கதை இன்னும் கோணல். போருக்குக் கடன் கொடுத்த அவத் நவாபுக்கு 1 கோடி ரூபாய்க் கடனைக் கழிக்க அந்தத் தராயைத் தூக்கிக் கொடுத்தார்கள். 1856-ல் அவத்தையே கம்பெனி விழுங்கியது, நிலம் திரும்ப அவர்களிடம். 1857 கிளர்ச்சியை அடக்க உதவியதற்காக 1860-ல் நேபாளப் பிரதமர் ஜங் பகதூருக்கு அன்பளிப்பாகப் போனது. பாங்கே, பர்தியா, கைலாலி, கஞ்சன்பூர். நேபாளத்தில் இன்றைக்கும் "நயா முலுக்", அதாவது புது நாடு, என்கிறார்கள். அங்கே உழுதுகொண்டிருந்தவன் 44 வருஷத்தில் எத்தனை எஜமானைப் பார்த்திருப்பான் என்று எண்ணிப் பாருங்கள்.

மலைநோக்கி:
தாமதமாக வருகிறேன். நியாயம் யார் பக்கம் என்ற கேள்வி முடிந்துபோன கேள்வி இல்லை. நேபாள அரசரும் அவர் வாரிசுகளும் காளி ஆற்றுக்கு மேற்கே எதன்மீதும் உரிமை கோரமாட்டார்கள் என்று அதே சுகௌலியில் இருக்கிறது. ஆனால் காளி எங்கே பிறக்கிறது என்று ஒரு வரி கிடையாது. 1817-லேயே வில்லங்கம் ஆரம்பம். ஆற்றுக்குக் கிழக்கே இருக்கிறது என்று திங்கர், சாங்ரு கிராமங்களை நேபாளம் கேட்டது, கம்பெனி கொடுத்தது. சரி, குட்டி, நாபி கிராமங்களும் கூட எங்களுடையதுதான் என்று கேட்டபோது மறுத்துவிட்டது. லிம்பியாதுராவிலிருந்து வருவதுதான் காளி என்று நேபாளம் சொல்கிறது, காலாபானி ஊற்றுப் பக்கமிருந்து வருவதுதான் என்று இந்தியா சொல்கிறது. 2020 மே மாதம் இந்தியா அந்தப் பக்கத்து லிபுலேக் கணவாய்க்குச் சாலையைத் திறந்தது, ஜூனில் நேபாளம் அரசியல் சாசனத்தைத் திருத்தி, அந்த இடங்களையும் சேர்த்த புது வரைபடத்தை தேசியச் சின்னத்திலேயே ஏற்றிவிட்டது.

ஊர்சுற்றி, அடுத்த தடவை போனால் எல்லையோரம் வெள்ளையடித்த பெரிய தூண்கள் நிற்கும், ஜங்கே என்பார்கள், தேடிப் பாருங்கள்.

ஊர்சுற்றி:
ஐயோ, அப்படி ஒன்றின் பக்கத்தில் நின்றுதான் செல்ஃபி எடுத்தேன் என்று நினைக்கிறேன். போனில் தேடிப் பார்க்கிறேன்.