ரிலீவர் வராத 36 நாள்

கொரோனா காலத்தில் வீட்டு நர்ஸ் வேலை எப்படி இருந்தது என்று மூன்று பேர் மாறி மாறி எழுதியது.

கும்பகோணம் பக்கம், ஏ.என்.எம். (துணை செவிலியர்) படித்த வீட்டு நர்ஸ்:

2021 மே 9, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் முழு ஊரடங்கு. வீட்டு நர்ஸ்களை அனுப்பும் ஏஜென்சியிலிருந்து போன்: "இன்னிக்கே போய்ச் சேர்ந்துடுங்க சிஸ்டர், பத்து நாள்ல ரிலீவர், அதான் மாத்து ஆள், அனுப்பிடுறோம்." டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பது முந்தின நாள்தான் ஆரம்பித்திருந்தது. நாச்சியார்கோவிலில் ஏறிக் காசு கொடுக்காமல் கும்பகோணத்தில் இறங்கினேன். அப்புறம் எங்கள் டெல்டா மாவட்டங்களில் பஸ் ஓடியது ஜூலை 5-ல்தான்.

பாட்டிக்கு 82 வயது. பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு இல்லை. மூக்கு வழியாக டியூப் ஃபீடிங், சிறுநீருக்குக் கத்தீட்டர், இடுப்பில் ஆறிக்கொண்டிருந்த ஒரு படுக்கைப்புண். மகன் சிங்கப்பூரில். எனக்குப் படுக்க ரேழியை ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் ராத்திரியிலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாட்டியைத் திருப்பிப் போட வேண்டுமே, ரேழியில் போய்ப் படுத்தால் ஆகுமா? கட்டிலுக்குக் கீழேயே பாயை விரித்துக்கொண்டேன். '24 மணி நேர டியூட்டி' என்று காகிதத்தில் எழுதும்போது அதில் தூக்கத்துக்கு எத்தனை மணி என்று யாரும் எழுதுவதில்லை.

ஏஜென்சி கொடுத்தது இரண்டு என்95 மாஸ்க். இரண்டு காகிதக் கவரில் போட்டு, ஒன்றில் 'பகல்', இன்னொன்றில் 'ராத்திரி' என்று பேனாவால் எழுதி முற்றத்து ஆணியில் மாட்டி வைப்பேன். மூன்றாவது வாரம் பகல் மாஸ்க்கின் எலாஸ்டிக் அறுந்தது. உள்பாவாடை நாடாவை வைத்துத் தைத்துக்கொண்டேன்.

தடுப்பூசியா? மருத்துவப் பணியாளர்களுக்கு ஜனவரி 16-லேயே ஆரம்பித்துவிட்டார்கள், ஆஸ்பத்திரிகள் பெயர்ப் பட்டியல் கொடுத்தன. எங்கள் பெயரை யாரும் கொடுக்கவில்லை. ஏப்ரலில் 45 வயது தாண்டியவர்களுக்கு என்றார்கள், எனக்கு 41. எங்கள் வயதுக்காரர்களுக்குப் போட ஆரம்பித்தபோது நான் அந்த வீட்டுக்குள் இருந்தேன், கதவைத் தாண்ட வழியில்லை.

மே கடைசியில் பாட்டிக்குக் காய்ச்சல். விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் 91. டாக்டர் வீடியோவில் வந்து, குப்புறப் போட முடியாது, ஒருக்களித்தாவது படுக்க வையுங்கள் என்றார். பீரோவில் இருந்த பழைய ஒன்பது கஜத்தைச் சுருட்டி முதுகுக்கு அண்டை கொடுத்தேன். வாடகைக்கு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வந்து சேர ஒரு பகல் போயிற்று. மறுநாள் எனக்கும் காய்ச்சல், எனக்கும் பாசிட்டிவ்.

அன்று ராத்திரி மகன் வீடியோவில் கேட்டார்: "சிஸ்டர், மனசுல வெச்சுக்காதீங்க, இது உங்க மூலமா வந்ததா?" நான் வாசல்படி தாண்டி இருபது நாள் ஆகியிருந்தது. தினம் வந்துபோனவர் சமையல் மாமி, அவர் வீட்டுப் பேரனுக்கு அதற்கு முன்னாலேயே காய்ச்சல். அதைச் சொல்ல வாய் வரவில்லை. அந்த மாமி ஒருத்திதான் எனக்கும் ரசம் வைத்துத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனவர். "தெரியலை சார்" என்றேன். மரத்துப்போகாத இடது கையால் பாட்டி என் மணிக்கட்டைத் தட்டிக்கொண்டே இருந்தார், என்ன கேட்டார் என்று இப்போதும் புரியவில்லை.

காய்ச்சலோடுதான் அவரைத் திருப்பிப் போட்டேன், டியூபில் கஞ்சி விட்டேன். இரண்டு பேருக்கும் பாசிட்டிவ் ஆன பிறகு மாஸ்க் தொல்லை விட்டது, அது ஒன்றுதான் லாபம். எங்கள் வீட்டுக்கு இருந்த ஒரே போன் என்னிடம் இருந்தது. பிளஸ் டூ பரீட்சை ரத்து என்று ஜூன் 5-ம் தேதி அறிவித்ததை என் மகள் பக்கத்து வீட்டு போனிலிருந்து கூப்பிட்டுச் சொன்னாள். 12-ம் தேதி மேட்டூர் திறந்தார்கள், குறுவைக்கு அண்டை வெட்டப் போகிறேன் என்று வீட்டுக்காரர் சொன்னார். ஜூன் 14-ம் தேதி ரிலீவர் வந்தார், அதுவும் கணவரின் டிவிஎஸ் 50-யில்.

சம்பளம் வந்தபோது ஐந்து நாள் இல்லை. கேட்டால், "நீங்க பாசிட்டிவ் ஆன நாளெல்லாம் சிக் லீவு சிஸ்டர்." அதே வீட்டில், அதே கட்டிலுக்குக் கீழே இருந்து எடுத்த லீவு!

மன்னார்குடி பக்கம், ஆண் உதவியாளர்:

அக்கா, எனக்கு நடந்தது முதல் அலையில். 2020 ஏப்ரல், நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு தாத்தா, தொடை எலும்பு முறிந்து படுக்கை. தூக்கி வைக்க ஆள் வேண்டும் என்பதால் நான். தினமும் சைக்கிளில்தான் போக வர. செக்போஸ்டில் நிறுத்தினால் காட்ட ஐடி கார்டு கிடையாது, ஏஜென்சி லெட்டர் பேடில் ஒரு கடிதம், அதுவும் வியர்வையில் நனைந்து சீல் அழிந்துவிட்டது. "ஆம்பள நர்ஸா? எந்த ஆஸ்பத்திரி?" வீடு என்றால் நம்பவில்லை. ஒருநாள் முக்கால் மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தார்கள். அங்கே தாத்தா ஈரத்தோடு கிடந்தார். மறுநாள் சட்டைக்கு மேல் ஒரு வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். கடிதத்தைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை, போங்க சார் என்றார்கள்.

மயிலாடுதுறை, அம்மாவுக்கு நர்ஸ் வைத்திருந்தவர்:

நான் எதிர்ப்பக்கத்து ஆள். எங்கள் வீட்டுக்கு வந்த பெண்ணுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், கொல்லைப்புறக் குளியலறை என்று வைத்தேன். ஏஜென்சி கேட்ட பணத்தை மாதாமாதம் கட்டினேன், அதில் அவள் கைக்கு எவ்வளவு போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. மீதிச் சில்லறை என்று அவள் கொடுத்த நோட்டுகளைத் துணி இஸ்திரி போடுவதுபோல் தேய்த்து எடுத்து வைத்திருக்கிறேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் டயப்பரை மாற்றும் கையை நம்பினேன், அந்தக் கை தொட்ட நூறு ரூபாயை நம்பவில்லை. இப்போது எழுதும்போது கூசுகிறது, சரி, நடந்தது நடந்ததுதான்.

கும்பகோணம் பக்கம்:

தனித் தட்டு எனக்குப் புதிதில்லை அம்மா, அது கொரோனாவுக்கு முன்னாலும் உண்டு. நீங்கள் கேட்காமல் விட்டேன் என்றீர்களே, அந்தப் பணத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன். அரசு ஆஸ்பத்திரியில் கொரோனா வார்டு பார்த்த நர்ஸ்களுக்கு அந்த மே மாதம் 20,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தார்கள். கொடுக்க வேண்டியதுதான், அவர்கள் பட்ட பாட்டுக்கு அது குறைவு. நாங்கள் எந்த வார்டு என்று எழுதிக் கேட்பது?

பாட்டி அதற்குப் பிறகு பதினான்கு மாதம் இருந்தார். காரியத்துக்கு வந்த மகன் என்னைக் கூப்பிட்டனுப்பி, புடவை வைத்துக் கொடுத்தார். பேச்சுவாக்கில் அந்த ஐந்து நாளைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. போனைத் தடவி ரசீதை எடுத்துக் காட்டினார்: நாள் ஒன்றுக்கு 900, 36 நாள், 32,400 ரூபாய். நான் வாங்கியது நாளுக்கு 600 வீதம் 31 நாளுக்கு, 18,600.