அப்பாவின் சான்றிதழில் கொரோனா இல்லை, மாற்ற முடியுமா?

கேள்வி:
அப்பா 2021 மே மாதம் தவறினார், பாசிட்டிவ் வந்த 12-ஆம் நாள். ஆஸ்பத்திரித் தாளில் நீல மையில் 'மூச்சுத் திணறல்' என்று மட்டும் இருக்கிறது. அம்மா அதைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறார். என்ன செய்வது?

பதில்:
தம்பி, மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் இருந்தவன் நான். மூச்சுத் திணறல் என்பது உயிர் போன விதம், காரணம் அல்ல. படிவம் 4-இல், அதாவது மரணக் காரணத்தை மருத்துவர் எழுதித் தரும் தாளில், முதல் பகுதியின் கடைசி வரியில் அடிப்படைக் காரணம் வர வேண்டும். அதை விட்டிருக்கிறார்கள். மத்திய அரசின் 2021 செப்டம்பர் வழிகாட்டுதல்படி, தொற்று உறுதியாகி 30 நாளுக்குள் இறந்தால் கொரோனா மரணம்தான், வீட்டில் இறந்தாலும் சரி. விபத்து, கொலை போன்றவை சேராது. சான்றிதழில் உள்ள காரணம் பற்றிய குறைகளைக் கேட்க அந்த வழிகாட்டுதல்படி அமைத்த மாவட்டக் குழுவிடம் மனு கொடுங்கள்.

இன்னொரு பதில்:
பரிசோதனை முடிவை மறக்காமல் இணையுங்கள். அண்ணனுக்கு அது தொலைந்து, லேபுக்கு மூன்று முறை அலைந்தேன்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. முடிவு அப்பாவின் போனிலேயே இருக்கிறது. இன்றே சார்ஜ் போடுகிறேன்.