நம் அணிக்கு அடுத்த தாக்குதல் ஆட்டக்காரர் யார்? பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து என் அனுபவம்

நம் சிலாங்கூர் காற்பந்து அணிக்கு அடுத்த தாக்குதல் ஆட்டக்காரராக யாரை எடுக்கலாம் என்று இரண்டு நாளாக இங்கே பேச்சு ஓடுகிறது. பிரேசில்காரர்தான் வேண்டும் என்கிறார் ஒருவர், ஆறடிக்கு மேல் உயரமாக, தலையால் முட்டக்கூடிய ஆள் வேண்டும் என்கிறார் இன்னொருவர், ஆசியான் நாட்டு ஆட்டக்காரருக்கு ஒதுக்கிய இடத்தில் இந்தோனேசியர் ஒருவரைப் போடுங்கள் என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். நான் பெயர்ப் பட்டியல் போடப் போவதில்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், என் கருத்து அதிலேயே இருக்கிறது.

எங்கள் ஊருக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறினாலும் வீட்டில் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அப்பா அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள், நான் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். லயத்துக்குப் பின்னால் ஒரு திடல் இருந்தது. மழை பெய்தால் பாதித் திடலில் தண்ணீர் நிற்கும், மீதிப் பாதியில் ஆடுவோம்.

2005ஆம் ஆண்டு மலேசியக் கிண்ண இறுதியாட்டத்துக்குத் தோட்டத்துப் பள்ளிப் பேருந்தை வாடகைக்குப் பேசி, ஆளுக்குப் பதினைந்து வெள்ளி போட்டு, புக்கிட் ஜாலிலுக்குப் போனோம். அந்த ஆண்டு சிலாங்கூர் இரண்டாம் நிலை லீக்கில் இருந்தது என்பதை இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்புவதில்லை. இரண்டாம் நிலையில் இருந்துகொண்டே அந்த லீக், எப்ஏ கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் எடுத்த ஆண்டு அது. இறுதியாட்டத்தில் பெர்லிஸை 3-0 என்று அடித்தோம், மூன்றும் இந்தோனேசியாவிலிருந்து வந்த பம்பாங் பமுங்காஸ் போட்டவை. நாங்கள் மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தோம், அங்கிருந்து பார்க்க அவர் மிகச் சின்ன ஆளாகத் தெரிந்தார். நிஜத்திலும் உயரமானவர் இல்லை. ஆனால் பந்து வரும் நேரத்தில் மற்ற எல்லோரும் தரையில் நிற்க அவர் மட்டும் மேலே இருப்பார், அந்தத் தாவலை நான் இன்னொருவரிடம் பார்த்ததில்லை. உயரமான ஆள் வேண்டும் என்று எழுதும் நண்பர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு அந்த வாதம் அன்றைக்கே முடிந்துபோய்விட்டது.

திரும்பி வரும்போது பேருந்து முழுக்க பம்பாங், பம்பாங் என்று ஒரே பாட்டு. மறுநாள் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து நான் அதையே மறுபடி ஆரம்பிக்க, அங்கே வழக்கமாகத் தே ஓ குடிக்கும் ஓய்வுபெற்ற தண்டல் ஒருவர், நாங்கள் பெரியப்பா என்று கூப்பிடுவோம், சும்மா கேட்டுக்கொண்டே இருந்தவர் சொன்னார்: "எல்லாம் சரிப்பா, அவனுக்குப் பந்தைக் கொண்டுவந்து கொடுத்தவன் யாரு? அவன் பேரை ஒருத்தனும் சொல்லலையே." எலி ஐபோய்! ஓரத்தில் ஓடி ஓடி பம்பாங்குக்குப் பந்து போட்ட அந்த பாப்புவாக்காரரை நாங்கள் யாரும் நினைக்கவே இல்லை. பெரியப்பா மெர்டேக்கா அரங்கில் மோக்தார் டஹாரியை நேரில் பார்த்தவர். நாட்டுக்காக 89 கோல் என்று ஃபிஃபா ஏற்றுக்கொண்ட அந்த மோக்தார் காலத்திலும் சூப்பர்மோக் சூப்பர்மோக் என்று கத்திய கூட்டம், அவருக்குப் பந்து எங்கிருந்து வந்தது என்று பார்க்கவில்லை என்பது பெரியப்பாவுக்குப் பெரிய குறை.

அதிலிருந்து நான் ஆட்டம் பார்க்கும் விதம் மாறிவிட்டது. கோல் விழுந்ததும் எல்லோரும் கோல் போட்டவரைப் பார்ப்பார்கள், நான் பந்து புறப்பட்ட இடத்தைத் தேடுவேன்.

அப்புறம் இன்னொன்று, இங்கே யாரும் சொல்லாதது. 2009 முதல் 2011 வரை நம் லீக்கில் இறக்குமதி ஆட்டக்காரர்களே, அதாவது வெளிநாட்டுக்காரர்களே கிடையாது, மலேசியக் காற்பந்துச் சங்கம் தடை போட்டிருந்தது. தரம் போய்விடும், அரங்கம் காலியாகிவிடும் என்று அப்போது நானும் திட்டியிருக்கிறேன். நடந்தது என்ன? கே. தேவன் பயிற்சியில் சிலாங்கூர் 2009, 2010 இரண்டு ஆண்டும் சூப்பர் லீக்கை வென்றது. முன்னால் நின்றவர் சாஃபி சாலி. வாரா வாரம் ஆட்டம், தொண்ணூறு நிமிடமும் அவருக்குத்தான், தவறவிட்டாலும் அடுத்த வாரம் அவர்தான். 2010 டிசம்பரில் தேசிய அணிப் பயிற்சியாளர் கே. ராஜகோபால் அவரை அழைத்துக்கொண்டு ஆசியான் வெற்றியாளர் கிண்ணத்துக்குப் போனார். புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0 அடித்ததில் இரண்டு சாஃபியுடையது, ஜகார்த்தாவில் 2-1 என்று தோற்றபோது நமக்கு விழுந்த அந்த ஒன்றும் அவருடையதுதான். இரண்டு ஆட்டமும் சேர்த்து 4-2, கிண்ணம் நமக்கு. சாஃபி போட்டது மொத்தம் ஐந்து கோல், போட்டியிலேயே அதிகம். 31ஆம் தேதி பொது விடுமுறை விட்டார்கள். ஜகார்த்தா ஆட்டத்தன்று இரவு ஷிப்டில் இருந்தேன், ஆலைக் கொதிகலன் சத்தத்துக்கு நடுவே வானொலியைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டேன், விசில் ஊதியதும் மேற்பார்வையாளர் உட்பட அத்தனை பேரும் வெளியே ஓடி வந்து கத்தினோம்.

தடைக்கும் அந்த வெற்றிக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடு முன்களத்தில் நம் பையன் ஒருவனுக்கு இரண்டு ஆண்டு இடம் கிடைத்தது, அவ்வளவுதான் விஷயம்.

இப்போது என்ன நடக்கிறது என்று எங்கள் லயத்திலேயே பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பையன், பெயர் வேண்டாம், பதினாறு வயதில் தோட்டங்களுக்கு இடையிலான ஆட்டங்களில் கோலாகப் போட்டுத் தள்ளியவன், கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பந்தை வாங்கித் திரும்புவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஒரு குழுவின் தேர்வுக்கு அவனை மோட்டார் சைக்கிளில் நான்தான் கூட்டிப் போனேன். பதிவு செய்யும்போதே "நடுவில் ஆட இறக்குமதி ஆள் இருக்கிறது, நீ வலப்பக்கத் தற்காப்பில் நில்" என்று சொல்லிவிட்டார்கள். வாழ்நாளில் அந்த இடத்தில் நின்றதில்லை. இருபது நிமிடம் ஆடினான், எடுக்கவில்லை. திரும்பி வரும் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்குச் செம்பனைக் குலைகள் ஏற்றும் லோரி ஓட்டுகிறான், பந்தைத் தொடுவதே இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது. நம் பிள்ளைகளுக்கு ஒரு வாசலாக இருக்கும் என்று நினைத்த, மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவிலிருந்து வளர்ந்த பிஜே சிட்டி அணியும் 2022 சீசனோடு லீக்கை விட்டுப் போய்விட்டது.

சரி, கேள்விக்கு வருகிறேன். 2014இலிருந்து 2025 வரை ஒரு ஆண்டு கூட விடாமல் லீக்கை எடுத்த ஜொகூர் டாருல் தக்சிமோடு பண விஷயத்தில் நாம் மோத முடியாது. அவர்கள் ஒரு பிரேசில்காரரை வாங்கினால் நாமும் ஒருவரை வாங்கவேண்டும் என்று போனால் கடைசியில் சம்பள பாக்கிதான் மிஞ்சும், அப்படிச் சிக்கிய அணிகளை நம் லீக்கில் பார்த்திருக்கிறோம். என்னைக் கேட்டால், இறக்குமதி இடத்தில் ஒன்றை நல்ல ஓரத்து ஆட்டக்காரருக்கும் இன்னொன்றை நடுக்களத்தில் பந்தைப் பிரித்துக் கொடுப்பவருக்கும் செலவழிக்க வேண்டும். இன்னொரு ஓரத்தில் ஃபைசால் ஹலிம் இருக்கிறார். 2024 மே மாதம் அமிலத் தாக்குதலில் அவ்வளவு பட்டும் திரும்பி வந்து ஓடுகிறவர் அவர், அவர் போடும் பந்துக்கு நடுவில் உள்ளூர்ப் பையன் ஒருவன் காத்திருக்கட்டும். ஆறு ஆட்டம் கோல் விழாது, திட்டுவோம். பரவாயில்லை, ஏழாவது ஆட்டத்திலும் அவனையே இறக்கவேண்டும்.

உள்ளூர் ஆளால் பெரிய ஆட்டத்தில் கோல் போட முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2015 டிசம்பரில் ஷா ஆலம் அரங்கில் கெடாவை 2-0 என்று வென்று 33ஆவது மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியபோது இரண்டு கோலும் ஹஃபிஸ் கமால் போட்டவை. அந்த அரங்கையே இப்போது இடித்துவிட்டார்கள், ஆனால் முதல் கோல் விழுந்ததும் முன்பின் தெரியாத மலாய்க்கார அங்கிள் ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்தது இன்னும் தோளில் இருக்கிறது.

காப்பார், பந்திங், கேரித்தீவு பக்கம் இருப்பவர்கள், உங்கள் திடலில் நடுவில் நின்று ஆடும் பையன் யாராவது இருந்தால் எழுதுங்கள். எங்கள் பக்கம் ஒருவன் இருக்கிறான், இடது கால், பதினேழு வயது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஆட்டம், நான் ஷிப்ட் மாற்றிக்கொண்டேன்.